வகுப்பில் வாக்களிப்புக் கருவிகள்: பொத்தானை அமுக்கும் மாணவர்களைப் பேசவும் வைப்பது எப்படி?

வினா: சேலம், இயற்பியல் உதவிப் பேராசிரியை

சேலத்தையொட்டிய அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் இளநிலை இயற்பியல் முதலாண்டு மாணவர்களுக்கு இயக்கவியல் நடத்துகிறேன். வகுப்பில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இருக்கின்றனர். ஓமலூர், தாரமங்கலம், வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கங்களிலிருந்து காலைப் பேருந்தில் வந்து சேர்பவர்கள். பெரும்பாலோர் தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள். பலர் தம் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறையினர். தேர்வில் நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் வகுப்பில் ஒரு வினா கேட்டால், முன்வரிசையில் இருக்கும் மூன்று நான்கு பேரைத் தவிர வேறு எவரும் வாய் திறப்பதில்லை.

இந்த ஆண்டு எங்கள் துறைக்கு ஒரு தொகுதி கிளிக்கர் கருவிகள் வந்துள்ளன. உள்ளங்கை அளவிலான ஒரு பொத்தான் கருவி ஒவ்வொரு மாணவரிடமும் இருக்கும். அவர் அமுக்கும் விடை, என் மடிக்கணினியில் செருகிய ரிசீவருக்கு வானலை வழியாக வந்து சேரும். எந்த விடைக்கு எத்தனை பேர் என்பது திரையில் பட்டை வரைபடமாகத் தெரியும். மாணவர்களுக்கு இதில் ஆர்வம் இருக்கிறது, தயங்காமல் அமுக்குகிறார்கள். சிக்கல் அதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது. பட்டைகள் திரையில் எழுந்தவுடன் வகுப்பு முழுவதும் உயரமான பட்டை எதுவென்று பார்த்து, அதுவே சரியான விடை என்று முடிவுகட்டி, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு ஓய்ந்துவிடுகிறது. ஏன் அந்த விடை என்று கேட்டால் பழைய மௌனமே திரும்புகிறது. "நியூட்டனின் இரண்டாம் விதியின் கணித வடிவம் எது?", "உந்தத்தின் அலகு எது?" போன்ற வினாக்களை இதுவரை கேட்டு வந்திருக்கிறேன்.

எங்கள் துறைத்தலைவர், கருவிகள் வாங்கிய செலவுக்குப் பயன் தெரிய வேண்டுமென்று, இந்த விடைகளை வருகைப் பதிவோடும் உள்மதிப்பெண்ணோடும் இணைத்துவிடலாம் என்கிறார். எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. ஆனால் தயக்கத்துக்கான காரணத்தைத் தெளிவாக எடுத்துச் சொல்ல இயலவில்லை.

இக்கருவிகளை வைத்து மாணவர்களைத் தமக்குள் விவாதிக்கவும், தாம் நினைத்ததைத் தாமே திருப்பிப் பார்க்கவும் வைக்க முடிந்தவர்கள் இங்கே இருந்தால், எத்தகைய வினாக்களைக் கேட்டீர்கள், வரைபடத்தை எப்போது காட்டினீர்கள், மதிப்பெண் கொடுத்தீர்களா என்பவற்றை விளக்கினால் பேருதவியாக இருக்கும்.


மறுமொழி 1: கருப்பூர், ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்

அம்மா, இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை, "மாணவர்கள் இன்னும் பழகவில்லை, போகப் போகச் சரியாகிவிடும்" என்பதுதான். தானாக அது சரியாகாது என்பதே என் கருத்து. கருவிக்குத் தெரிந்ததெல்லாம் எண்ணுவது மட்டுமே. பேசுவதற்கான காரணத்தை வினா தர வேண்டும். பேசுவதற்கான நேரத்தை நீங்கள் தர வேண்டும். உந்தத்தின் அலகு எது என்ற வினாவில் பேசுவதற்கு என்ன இருக்கிறது? தெரிந்தவருக்குத் தெரியும், தெரியாதவருக்குத் தெரியாது. இருவரையும் அருகருகே உட்கார வைத்தாலும் ஒருவர் சொல்ல மற்றவர் எழுதிக்கொள்வதோடு முடிந்துவிடும்.

வாக்களித்து விவாதிக்க வைக்கும் இந்தக் கற்பித்தல் முறை எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதில் உங்கள் கேள்விக்கான விடையும் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹலூனும் ஹெஸ்டனஸும், இயற்பியல் கணக்குகளைச் சரியாகப் போடுகிற மாணவர்கள்கூட விசையையும் இயக்கத்தையும் பற்றிய அன்றாட நம்பிக்கைகளைக் கைவிடாமலேயே பாடத்தை முடித்துவிடுகிறார்கள் என்பதை, ஒரு தேர்வை வைத்து, 1985இல் வெளியிட்ட கட்டுரைகளில் காட்டினர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த எரிக் மசூர், தம் மாணவர்கள் அப்படியிருக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையோடு அதே வகையான தேர்வை நடத்தினார். அப்போது ஒரு மாணவர், "நீங்கள் கற்பித்தபடி விடையளிக்கவா, நான் நினைக்கிறபடி விடையளிக்கவா?" என்று கேட்டாராம். இதை மசூரே தம் உரைகளில் சொல்லியிருக்கிறார். 1991 முதல் அவர் தம் விரிவுரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் ஒரு கருத்து வினாவை வைத்து, மாணவர்களை ஒருவருக்கொருவர் விளக்க வைத்தார். தொடக்கத்தில் அவரிடம் மின்னணுக் கருவி எதுவும் இல்லை. கை உயர்த்துவதும் அட்டை காட்டுவதுமாகவே அது நடந்தது. கருவிகள் பின்னால் வந்து சேர்ந்தவை. இந்த வரிசையை மறந்துவிட்டுக் கருவியை முதலில் வாங்குவதால்தான் பல கல்லூரிகளில் அவை பெட்டிக்குள் திரும்பிப் போகின்றன.

நடைமுறை இதுதான். வினாவைத் திரையில் வைத்துவிட்டு, ஒன்று அல்லது இரண்டு நிமிடம் எவரும் பேசாமல் தனித்தனியாகச் சிந்திக்க வேண்டும். பிறகு தனித்தனியாக வாக்களிக்க வேண்டும். எண்ணிக்கை உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிய வேண்டும். மாணவர்களுக்குக் காட்டக் கூடாது. சரியான விடையைத் தேர்ந்தவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால், "உங்கள் விடையிலிருந்து மாறுபட்ட விடை சொன்ன ஒருவரைக் கண்டுபிடித்து, அவரை ஒப்புக்கொள்ள வையுங்கள்" என்று சொல்லி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் மேடையை விட்டு இறங்கி, பெஞ்சுகளுக்கு இடையே நடந்து, தலையிடாமல் காது கொடுத்துக் கேளுங்கள். அடுத்த பத்து நிமிடத்தில் நீங்கள் விளக்க வேண்டியது என்ன என்பது அங்கேதான் கிடைக்கும். பிறகு இரண்டாம் வாக்கு, அதன்பின் வரைபடம், அதன்பின் உங்கள் விளக்கம். முதல் வாக்கிலேயே எண்பது விழுக்காட்டினர் சரியாகச் சொல்லிவிட்டால் இரண்டு வாக்கியத்தில் முடித்துக் கடந்துவிடுங்கள். இருபது விழுக்காடுதான் சரியென்றால் விவாதத்துக்கு விடாதீர்கள், பாடத்தையே இன்னொரு முறை நடத்துங்கள். தெரியாத இருவர் பேசிப் பேசித் தவறான விடையை உறுதிப்படுத்திக்கொள்வதில் பயனில்லை.

வினாவுக்கு வருகிறேன். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் இதைவிட நன்றாக வேலை செய்த வினா வேறில்லை என்பதால் முழுமையாகவே தருகிறேன்.

"சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பேருந்து ஒன்று, கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மணிக்கு 20 கிலோமீட்டர் என்ற மாறாத வேகத்தில் திரும்புகிறது. வளைவு சமதளத்தில் அமைந்த வட்டப் பகுதி எனக் கொள்க. அப்போது பேருந்தின் மீதான நிகர விசை: (அ) சுழி, (ஆ) வளைவின் மையத்தை நோக்கியது, (இ) மையத்திலிருந்து வெளிநோக்கியது, (ஈ) பேருந்து செல்லும் திசையிலானது."

தவறான மூன்று விடைகளும் சும்மா இட்டு நிரப்பியவை அல்ல என்பதைக் கவனியுங்கள். வேகம் மாறவில்லை, எனவே முடுக்கம் இல்லை, எனவே விசை இல்லை என்று நினைப்பவர் (அ)வைத் தேர்வார்; முடுக்கம் என்பது திசைவேகத்தின் மாற்றம், திசை மாறினாலே அது மாறிவிட்டது என்பதை அவர் விதியாகப் படித்திருந்தாலும் உள்வாங்கவில்லை. நகரும் பொருளை நகர்த்திக்கொண்டே ஒரு விசை இருக்க வேண்டும் என்ற பழைய நம்பிக்கை உள்ளவர் (ஈ)யைத் தேர்வார். மூன்றாவதுதான் சுவையானது. அந்தப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்தின் பக்கவாட்டுக் கம்பியில் தோள் இடிபட்டுப் பயணம் செய்த மாணவர், "சார், நான் வெளிப்பக்கம்தானே தள்ளப்படுகிறேன்" என்று தன் உடம்பையே சாட்சியாகக் கொண்டுவருவார். அவருக்குப் பக்கத்திலிருப்பவர், "உன்னை யார் தள்ளியது? உன்னைத் தொட்டது அந்தக் கம்பி ஒன்றுதான், அது உன்னை உள்பக்கமாகத்தான் தள்ளியது" என்று பதில் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். நான் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எத்தனை ஆண்டு சொல்லியும் இறங்காத கருத்து, அந்த ஒரு வாக்கியத்தில் இறங்கியது. டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வே அந்த மையநோக்கு விசையைத் தருகிறது என்பதை அதன்பிறகு நான் சொல்லவேண்டியிருந்தது. மழைக்காலத்தில் அந்த வளைவுகளில் ஓட்டுநர் ஏன் வேகத்தைக் குறைக்கிறார் என்பதை அவர்களே சொல்லிவிட்டார்கள்.

வரைபடத்தை முதல் வாக்குக்குப் பின் காட்டக் கூடாது என்றேன் அல்லவா, அதற்கு ஆய்வுச் சான்று உண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உயிரியல் மாணவர்களிடையே நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், விவாதத்துக்கு முன் வரைபடத்தைப் பார்த்த மாணவர்கள், பார்க்காதவர்களைவிட, பெரும்பான்மையினரின் விடைக்கு மாறும் வாய்ப்பு 30 விழுக்காடு அதிகம் என்று கண்டனர். உங்கள் வகுப்பில் நடப்பது இதுவேதான்.

பேசியதால் விளங்கியதா, அல்லது கெட்டிக்காரர் சொன்னதை மற்றவர் அமுக்கினாரா என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் மரபியல் வகுப்பில் இதையே சோதித்து, 2009இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். விவாதத்துக்குப் பின், அதே கருத்தை வேறு உருவில் கேட்கும் இரண்டாவது வினாவுக்கு மாணவர்கள் தனியாக விடையளித்தார்கள். அதிலும் அவர்கள் தேறினார்கள். குழுவில் எவருக்குமே முதலில் சரியான விடை தெரியாதிருந்த இடங்களிலும் தேர்ச்சி தென்பட்டது என்பதுதான் எனக்கு வியப்பளித்தது. கொண்டை ஊசி வினாவுக்குப் பின், கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல் கயிறு அறுந்தால் எப்பக்கம் போகும் என்று கேட்டுப் பாருங்கள்.


மறுமொழி 2: ஏற்காடு, அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர்

பேராசிரியர் ஐயா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். கருவியே இல்லாத இடத்திலிருந்து சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

நான் பணிபுரிவது சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றில் உள்ள அரசுப் பள்ளியில். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெற்றோர் காபித் தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். மாணவர்கள் கைபேசி கொண்டுவருவதில்லை. கிளிக்கர் வாங்கும் நிதியும் எங்களிடம் இல்லை. ஆகவே பிளிக்கர்ஸ் என்ற அட்டை முறையைப் பின்பற்றுகிறோம். ஒவ்வொரு மாணவருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாலான ஒரு காகித அட்டை உண்டு. ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு. அட்டையின் நான்கு பக்கங்களிலும் நான்கு விடைகளின் எழுத்துகள் பொடியாக அச்சிடப்பட்டிருக்கும். தம் விடை மேலே வருமாறு மாணவர் அட்டையைத் திருப்பிப் பிடித்தால், ஆசிரியர் தம் கைபேசிக் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒருமுறை நகர்த்தியதும் அனைவரின் விடையும் பதிவாகிவிடும். பக்கத்து மாணவர் எட்டிப் பார்த்தாலும் எந்த விடை என்று எளிதில் புரியாது என்பது இதன் பெரிய நன்மை. ஆசிரியரின் கைபேசிக்கு இணையம் வேண்டும் என்பது குறை. மூடுபனியும் மழையும் சேர்ந்த நாள்களில் எங்களுக்கு சிக்னல் கிடைப்பது அரிது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அட்டை கிழியாமலிருக்க லாமினேஷன் செய்துவிட்டால் ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளத்துக் கேமராவால் படிக்க முடியாது. தடித்த சாதாரண அட்டையில் ஒட்டுவதே நல்லது. விரல்கள் கறுப்புக் கட்டத்தை மறைக்காமல் ஓரத்தைப் பிடிக்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

சிக்னல் இல்லாத நாள்களில் கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சோடு ஒட்டி விரல்களைக் காட்டச் சொல்கிறேன். துல்லியமான எண்ணிக்கை வராது. ஆனால் வகுப்பு பிளவுபட்டிருக்கிறதா இல்லையா என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும், எனக்கு வேண்டியதும் அவ்வளவே. கனடாவின் மாண்ட்ரியலில் நத்தானியல் லாஸ்ரி என்பவர் ஒரு பிரிவுக்குக் கிளிக்கரும் மற்றொரு பிரிவுக்கு அட்டைகளும் கொடுத்து, இரு பிரிவினரின் கற்றலிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2008இல் எழுதினார். எங்களைப் போன்ற பள்ளிகளுக்கு அது ஆறுதலான செய்தி.

பத்தாம் வகுப்பில் நான் வைத்த வினா ஒன்றைப் பகிர்கிறேன். "ஏற்காட்டில் மூடாத பாத்திரத்தில் உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கிறது. அரிசி விரைவில் வேக வேண்டுமென்று மேலும் விறகைத் தள்ளித் தீயைக் கூட்டினால் என்ன ஆகும்?" நீரின் வெப்பநிலை உயர்ந்து சோறு விரைவில் வேகும் என்பது ஒரு விடை. வெப்பநிலை உயராது, நீர்தான் விரைவில் வற்றும் என்பது இன்னொன்று. மலையில் குளிர் அதிகம் என்பதால் கூடுதல் தீ இருந்தால்தான் கொதிநிலையே தாக்குப்பிடிக்கும் என்பது மூன்றாவது. கொதிநிலை என்ற சொல்லின் வரையறையைப் பிழையில்லாமல் ஒப்பிக்கும் மாணவர்கள் முதல் விடையைத் தேர்ந்தார்கள். வீட்டில் தினமும் உலை வைக்கும் ஒரு மாணவி, "எவ்வளவு தீ வைத்தாலும் தண்ணீர்தான் குறையும், அப்புறம் இன்னும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும், மூடிபோட்டுக் கல்லை வைத்தால்தான் சீக்கிரம் வேகும்" என்று பக்கத்து மாணவரிடம் வாதிட்டார். அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டுதான் அழுத்தத்துக்குப் போனோம். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள இவ்விடத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் நீர் சுமார் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், சேலத்தைவிட இங்கே சோறு வேக நேரமாவதற்கு அதுவே காரணம், குக்கர் அதை எப்படிச் சரிசெய்கிறது என்பதுவரை அவர்களே நடந்து வந்தார்கள்.

அந்த மாணவி வழக்கமாகக் கை உயர்த்துபவர் அல்லர். தன் விடைக்கு வகுப்பில் துணை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நிலையில், எதிரில் இருக்கும் ஒரே ஒருவரிடம் பேச வேண்டும் என்றபோதுதான் பேசினார்.


மறுமொழி 3: சேலம், பொறியியல் கல்லூரிக் கணினித் துறை

சுருக்கமாகச் சில நடைமுறைச் செய்திகள். பக்கத்து அறையிலும் இதே வகைக் கிளிக்கர் தொகுதி பயன்பாட்டில் இருந்தால், இரு ரிசீவர்களையும் வெவ்வேறு அலைவரிசை எண்ணில் அமைத்துக்கொள்ளுங்கள். இல்லையெனில் அங்கே அமுக்கும் விடை உங்கள் திரையில் வந்து விழும். மாற்று பேட்டரிகளை மேசையிலேயே வைத்திருங்கள். கருவிகளுக்கு எண்ணிட்டு, ஒரு மாணவருக்கு எப்போதும் ஒரே எண் என்று வைத்தால் கொடுத்து வாங்கும் நேரம் மிச்சமாகும்.

கைபேசி வழி வாக்களிப்பைச் சிலர் பரிந்துரைப்பார்கள். மென்டிமீட்டர் போன்ற செயலிகள் சுருக்கமான எழுத்து விடைகளையும் வாங்கும் என்பதால் கருத்துக் கேட்பதற்கு நல்லவை. ஆனால் கைபேசியை எடுக்கச் சொன்னால் வாட்ஸ்அப்பும் கூடவே வரும். கஹூட் என்ற வினாடி வினாச் செயலி கலகலப்பாக இருக்கும். எனினும் விரைந்து விடை சொல்பவருக்குக் கூடுதல் புள்ளி என்பது அதன் வழக்கமான அமைப்பு. மாணவர் நின்று சிந்திக்க வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால், அவசரத்துக்குப் பரிசு தரும் விளையாட்டு அதற்கு நேர் எதிரானது. தேர்வுக்கு முந்தைய திருப்புதலுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.


மறுமொழி 4: சேலம், கல்வியியல் கல்லூரி ஆசிரியை

மதிப்பெண் பற்றி எவரும் இன்னும் எழுதவில்லை என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் தயக்கத்துக்கு வலுவான காரணம் இருக்கிறது.

மார்க் ஜேம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், கிளிக்கர் பயன்படுத்திய வானியல் தொடக்க வகுப்புகளில் மாணவர் இணைகளின் உரையாடலைப் பதிவுசெய்து 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தவறான விடையைவிடச் சரியான விடைக்குக் கூடுதல் மதிப்பெண் தந்த வகுப்பில், இருவரில் பாடம் தெரிந்தவரே பேச்சை ஆக்கிரமித்தார். மற்றவர் அவருடைய விடையை அப்படியே வாங்கி அமுக்கினார். தவறான விடைக்கும் அதே அளவு மதிப்பெண் தந்த வகுப்பில் இருவரும் ஓரளவு சமமாகப் பேசினார்கள். பேசி முடித்த பிறகும் தம் விடையிலேயே நின்றவர்கள் அங்கேதான் மிகுதி. ஆகவே துறைத்தலைவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: பங்கேற்றதற்கு ஒரு சிறு மதிப்பெண் கொடுக்கலாம், சரி தவறுக்குக் கூடாது. உள்மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகள் எதையும் செய்யத் துணிவார்கள் என்பது நமக்குத் தெரியாததா? விடுப்பில் இருக்கும் தோழனின் கருவியையும் சேர்த்து அமுக்குவதில்தான் வருகைப் பதிவுத் திட்டம் முடியும்.

ஏற்காட்டு ஆசிரியர், கருவிக்கும் அட்டைக்கும் வேறுபாடு இல்லை என்கிறார். கற்றல் அளவில் அது சரியாக இருக்கலாம். ஆனால் கருத்து வினாக்களில், குறிப்பாகச் சமூக அறிவியலில், முகம் தெரியாமல் வாக்களிப்பது தனி மதிப்புடையது என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கை உயர்த்தச் சொன்னால் பாதிப் பேர் முதல் மதிப்பெண் மாணவரின் கையைப் பார்த்துத்தான் தம் கையைத் தூக்குகிறார்கள். ஊர், சாதி, பெண் கல்வி, திருமண வயது ஆகியவற்றைத் தொடும் வினா என்றால் எவர் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்பது மாலைப் பேருந்திலேயே பேச்சாகிவிடும்.

பயிற்சி மாணவர்களிடம் நான் வைக்கும் வினா ஒன்று: சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டியெடுக்கப்பட்டு மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்ற வரலாற்றைப் படித்த பின், "இனி ஒரு மலையில் சுரங்கம் தொடங்குவதானால் எவருடைய ஒப்புதல் முதன்மையானது?" என்று கேட்டு, மலைக் கிராமத்தார், நில உரிமையாளர், மாநில அரசு, அந்த மலையின் ஓடைநீரை நம்பிய சமவெளி உழவர் என நான்கு விடைகளைத் தருவேன். சரியான விடை என்று ஒன்று இல்லை. அதனாலேயே இங்கே மட்டும் நான் வரைபடத்தை முதலிலேயே காட்டுகிறேன். தாம் ஒருவர்தான் அப்படி நினைக்கிறோம் என்றிருந்த மாணவிக்குத் தம்மைப்போல் இன்னும் பலர் இருப்பது தெரிந்தால் பேச்சு வருகிறது. பேராசிரியர் சொன்ன விதி, சரியான விடை உள்ள வினாக்களுக்கே பொருந்தும்.

தம் சிந்தனையைத் தாமே பார்க்க வைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கருவி ஒருவர் எந்த விடைக்கு மாறினார் என்பதைப் பதிவுசெய்யும். ஏன் மாறினார் என்பதைப் பதிவுசெய்யாது. அதற்குக் குறிப்பேடுதான் வழி. முதல் வாக்குக்கு முன் விடையையும், அதில் தமக்கு உறுதி உண்டா, ஓரளவா, வெறும் ஊகமா என்பதையும் ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் வாக்குக்குப் பின், "என்னை மாற்றிய வாதம்" அல்லது "என்னை மாற்ற முடியாத வாதம்" என்று இன்னொரு வரி. உறுதி என்று எழுதித் தவறிய இடங்களைப் பருவத்தின் நடுவில் ஒருநாள் அவர்களையே தேடிப் பார்க்கச் சொன்னால், தமக்கு எது தெரியும் என்று தவறாக நம்பிக்கொண்டிருந்தார்கள் என்பது அவர்கள் கையெழுத்திலேயே கண்முன் இருக்கும்.

கடைசியாக, பொறுமை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர், ஆசிரியர்கள் வினாக் கேட்டபின் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று வினாடியாக நீட்டினாலே விடைகள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாதவர்கள் பேசுகிறார்கள் என்பதையும் 1970களிலேயே எழுதினார். வரைபடம் வந்தபின் "ஏன் இந்த விடை?" என்று கேட்டுவிட்டு நீங்களே பதில் சொல்லத் தொடங்காதீர்கள்.


வினா எழுப்பியவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. சரியான விடைக்கு மதிப்பெண் தருவதால் பேச்சே நின்றுவிடும் என்ற காரணத்தைத் துறைத்தலைவரிடம் எடுத்துச் சொன்னேன். இந்தப் பருவத்தில் பங்கேற்புக்கு மட்டும் என்று அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வருகைப் பதிவோடு இணைப்பதைக் கைவிட்டாயிற்று. கொண்டை ஊசி வினாவை வரும் வாரம் வட்ட இயக்கம் தொடங்கும்போது வைக்கவிருக்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. ஒரு வினாவுக்கு இரண்டு வாக்கு, விவாதம், குறிப்பேடு, விளக்கம் என்றால் பதினைந்து நிமிடம் போய்விடும். ஐம்பது நிமிடப் பாடவேளையில், ஐந்து அலகுகளையும் பருவத் தேர்வுக்குள் முடித்தாக வேண்டிய நிலையில், இதற்கு இடம் எங்கே?


கருப்பூர், ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்

பாடவேளைக்கு இரண்டு வினாவுக்கு மேல் வேண்டாம். எல்லாப் பாடவேளையிலும் வேண்டியதுமில்லை. நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்றால், வரையறைகளையும் சூத்திர வருவித்தல்களையும் கரும்பலகையில் எழுதி மாணவர்கள் பார்த்து எழுதும் நேரத்திலிருந்துதான். மசூரும் தம் மாணவர்கள் பாடப்பகுதியை முன்னரே படித்துவிட்டு வகுப்புக்கு வர வேண்டும் என்றே வைத்திருந்தார். நம் பிள்ளைகளிடம் இருபது பக்கம் படித்து வாருங்கள் என்றால் நடக்காது. காலைப் பேருந்தில் படிக்கும்படி இரண்டு பக்கம் தமிழில் குறிப்பெழுதி, முந்தைய நாளே படியெடுத்துக் கொடுத்துவிடுங்கள். அதைப் படித்தார்களா என்பதைச் சோதிக்கத்தான் உந்தத்தின் அலகு எது என்பது போன்ற வினா பயன்படும். விவாதமோ இரண்டாம் வாக்கோ இல்லாமல் ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம்.

ஐந்து அலகுகளிலும் மாணவர்கள் ஆண்டுதோறும் தடுமாறும் இடங்கள் எவை என்பது பழைய விடைத்தாள்களைத் திருத்திய உங்களுக்கே தெரிந்திருக்கும். விவாத வினாக்களை அந்த இடங்களுக்கு மட்டும் எழுதுங்கள். மற்றவற்றை நீங்கள் இப்போது நடத்துவதுபோலவே நடத்தலாம்.